ஆல்கஹால் பிரிக்கும் கார்பன் டை ஆக்சைடு கோபுரம்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

இது ஆய்வகத்திலோ சிறு முன்மாதிரி ஆலையிலோ இந்தக் கோபுரத்தை ஓட்டுகிறவர்களுக்கான குறிப்பு. ஏற்பாடு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சுமார் 10 சதவீத ஆல்கஹால் (பெரும்பாலும் எத்தனால்) உள்ள தண்ணீர் கோபுரத்தின் மேலிருந்து இறங்கும். 40 டிகிரி செல்சியஸ், 100 பார் நிலையில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அடியிலிருந்து ஏறும். ஏறுகிற வழியில் ஆல்கஹாலைக் கரைத்து எடுத்துக்கொண்டு, வால்வைத் தாண்டி, அழுத்தம் குறைந்த செப்பரேட்டருக்குள் போகும். அங்கே அதன் கரைக்கும் திறன் விழுந்துவிடுவதால் ஆல்கஹால் அடியில் தங்கும். வாயு மறுபடி குளிர்ந்து திரவமாகி பம்புக்குத் திரும்பும்.

கோளாறு தேடுகிறவர்கள் முதலில் அழுத்தமானியைத்தான் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம் அடர்த்தி. 40 டிகிரி, 100 பாரில் கார்பன் டை ஆக்சைடின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 630 கிராம். அழுத்தத்தைத் தொடாமல் வெப்பநிலையை மட்டும் 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது 290 கிராமுக்கு இறங்கிவிடும். மானியில் முள் அதே 100-இல் நிற்கும், உள்ளே கரைப்பான் பாதிகூட இருக்காது. ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் கோபுரத்தின் மேல், அடி, வால்வுக்கு முன், செப்பரேட்டர் என நான்கு இடத்திலும் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு, அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.

இரண்டாவது, ஆல்கஹால் கணக்கு. உள்ளே போன எடையும், விளைபொருளிலும் அடித் தண்ணீரிலும் வெளியே வந்த எடையும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு உதைத்தால், காணாமல் போனது பெரும்பாலும் சுற்றிவரும் வாயுவில்தான் இருக்கும்.

அறையில் தலைவலி, மூச்சு வாங்குகிறது

இதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். எல்லோரும் வெளியே வாருங்கள், பிறகு கசிவைத் தேடலாம். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. தரைக்குழியிலும் கேபிள் வாய்க்காலிலும் தேங்கும். எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 0.5 சதவீதம், 4 சதவீதத்தைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. கார்பன் டை ஆக்சைடு அளவுமானியை முழங்கால் உயரத்தில் மாட்டுங்கள். விளைபொருள் இறக்கும் இடத்தில் ஆல்கஹால் ஆவியும் சேரும். எத்தனாலின் தீப்பற்று நிலை 13 டிகிரிதான், அதாவது நம் ஊரில் எல்லாப் பருவத்திலும் அது பற்றக்கூடிய நிலையிலேயே இருக்கிறது. வெளியேறும் வாயுவைக் குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே விடுங்கள்.

பம்ப் ஓடுகிறது, அழுத்தம் ஏறவில்லை

வெயில் காலத்தில் அதிகம் வரும் புகார் இது. கார்பன் டை ஆக்சைடின் மாறுநிலை வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாத எல்லை, 31 டிகிரி. 1869-இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் பெல்ஃபாஸ்டில் இதை 30.92 டிகிரி என்று அளந்தபோது, அந்த எல்லையைத் தாண்ட அவர் வாயுவைச் சூடேற்ற வேண்டியிருந்தது. சென்னையிலோ திருச்சியிலோ மே மாதத்தில் கொட்டகையில் நிறுத்திய சிலிண்டர் தானாகவே தாண்டிவிடும். அதன் உள்ளே திரவம் என்று ஒன்று இருக்காது. அடிவரை குழாய் இறங்கிய சிலிண்டரை வாங்கியிருந்தாலும் பம்புக்கு வருவது அழுத்தமான வாயுதான். திரவத்தை நம்பிச் செய்த பம்ப் அதை அமுக்கி அமுக்கித் தளர்த்துமே தவிர முன்னே தள்ளாது.

சிலிண்டரைக் குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள். பம்பின் தலையை மட்டும் குளிர்விப்பது போதாது. சிலிண்டரிலிருந்து பம்ப் வரையுள்ள குழாயையும் சில்லர் (குளிர்விப்பான்) வழியாகக் கொண்டுபோய், பம்புக்குள் நுழையும்போது 5 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்படி செய்யுங்கள். திரவத்தின் அடர்த்தி 5 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 900 கிராம், 25 டிகிரியில் 710, 30 டிகிரியில் 590. பம்ப் ஒரே வேகத்தில் ஓடினாலும் உள்ளே போகும் எடை இந்த அளவுக்கு மாறும். மில்லிலிட்டர் கணக்கை நம்பி கரைப்பான் அளவைப் பதிவேட்டில் எழுதுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். எடையைக் காட்டும் ஓட்டமானி இல்லாவிட்டால் சிலிண்டரைத் தராசில் நிறுத்தி, குறையும் எடையைப் பாருங்கள்.

சிலிண்டர் காலியா என்பதையும் தராசுதான் சொல்லும். 20 டிகிரியில் மானி 57 பார் காட்டும்; கடைசிச் சொட்டுத் திரவம் தீரும்வரை அதே 57-தான். முள் இறங்கத் தொடங்கும்போது உங்களிடம் மிச்சமிருப்பது வெறும் வாயு.

ஒரு மணி நேரம் ஓடி நிற்கிறது, சில்லரை அணைத்தால் சரியாகிறது

குளிர்ந்த குழாயில் ஹைட்ரேட் கட்டியிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து அழுத்தத்தில் சுமார் 10 டிகிரிக்குக் கீழே பனிக்கட்டி போன்ற திடப்பொருளாக உறையும். தண்ணீர் உறையும் புள்ளிக்கு வெகு முன்பே. புதுச் சிலிண்டரிலிருந்து வரும் உலர்ந்த வாயுவில் இது வராது. கோபுரத்தைச் சுற்றி ஈரத்தோடு திரும்பி வரும் வாயுவில் வரும். 40 டிகிரி, 100 பாரில் கார்பன் டை ஆக்சைடு தன் எடையில் ஏறக்குறைய 0.2 சதவீதத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆல்கஹால் இருந்தால் இன்னும் கூடும்.

சில்லருக்கு முன்னால் அழுத்தம் மெல்ல ஏறி, பின்னால் ஓட்டம் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். திரும்பும் வழியில் 3ஏ மூலக்கூறு சல்லடை (தண்ணீரை மட்டும் உறிஞ்சும் நுண்துளை மணிகள்) நிரப்பிய குப்பியை வையுங்கள். தற்காலிகத் தீர்வாகச் சில்லரை 12 டிகிரிக்கு உயர்த்தி ஓட்டலாம், பம்ப் கொஞ்சம் முனகும். அடைத்த இடத்தை வெளியிலிருந்து தீயால் சூடாக்க வேண்டாம். கட்டி ஒரு பக்கம் மட்டும் விட்டால், பின்னாலிருக்கும் அழுத்தம் அதைத் துப்பாக்கிக் குண்டாக்கிவிடும்.

செப்பரேட்டரில் ஆல்கஹால் மிகக் குறைவாக வருகிறது

முதலில் கோபுரத்தின் மேல் வெப்பநிலை. சூடேற்றும் உறையின் கட்டுப்பாடு கைவிட்டு அது 50, 55 என்று ஏறியிருந்தால், மேலே சொன்ன அடர்த்தி விஷயம்தான். 40-க்கு இறக்குங்கள்.

வெப்பநிலை சரியென்றால் கரைப்பானின் அளவைக் கணக்குப் போடுங்கள். இந்த நிலையில் எத்தனாலின் பங்கீட்டு எண், அதாவது கார்பன் டை ஆக்சைடில் உள்ள அதன் சதவீதத்தைத் தண்ணீரில் உள்ள சதவீதத்தால் வகுத்தது, சுமார் 0.1, எடைக்கு எடை. 10 சதவீத ஆல்கஹாலைத் தொட்டு வெளியேறும் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு அதிகபட்சம் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் ஏந்தும். ஒரு கிலோ கலவையில் 100 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஆக, முழுதும் எடுக்கக் குறைந்தது 10 கிலோ கரைப்பான் வேண்டும். நடைமுறையில் 15, 20. மூன்று நான்கு கிலோவை அனுப்பிவிட்டு இயந்திரத்தைத் திட்டிப் பயனில்லை. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் அவ்வளவு பிடிப்பு. பியூட்டனால் போன்ற நீண்ட சங்கிலி ஆல்கஹால்கள் இதைவிட எளிதாக வந்துவிடும், மெத்தனால் இன்னும் மோசம்.

விளைபொருள் 90 சதவீதத்தைத் தாண்ட மறுக்கிறது

அதிகம் பேர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவது இதோடுதான். பெரும்பாலும் இது கோளாறே அல்ல.

முதலில் எந்தச் சதவீதம் என்று கேளுங்கள். ஹைட்ரோமீட்டர் காட்டுவது கனஅளவு, தராசும் கணக்கும் பேசுவது எடை. எடையில் 90 என்பது கனஅளவில் 93.3. ஒயின் பாட்டிலில் 12 என்று போட்டிருந்தால் எடையில் அது 9.6-தான். ஒருவர் ஒன்றிலும் மற்றவர் இன்னொன்றிலும் எழுதிய பதிவேட்டை வைத்துக்கொண்டு நடக்கும் சண்டைகளுக்கு அளவே இல்லை.

சரி, எடைக் கணக்கிலேயே 90-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீர்த்த கலவையில் கார்பன் டை ஆக்சைடு நன்றாகத் தேர்ந்தெடுக்கும். மேலே சொன்ன 10 கிராம் ஆல்கஹாலோடு இரண்டு மூன்று கிராம் தண்ணீர்தான் வரும். ஒரே கட்டத்தில் 10 சதவீதத்திலிருந்து 75, 80-க்குத் தாவிவிடலாம். ஆனால் ஆல்கஹால் தனியாக ஏறுவதில்லை. கரைப்பானில் அதன் அளவு கூடக்கூடத் தண்ணீரையும் கையைப் பிடித்து இழுத்து வருகிறது. 40 டிகிரியில் சுமார் 81 பாருக்கு மேல் எத்தனாலும் கார்பன் டை ஆக்சைடும் எந்த விகிதத்திலும் ஒன்றாகக் கலந்துவிடும். அந்த அழுத்தத்தில், ஆல்கஹால் போதுமான அளவு ஏறியதும் கோபுரத்தின் மேல்பகுதியில் தண்ணீர் அடுக்கு, கார்பன் டை ஆக்சைடு அடுக்கு என்று இரண்டு அடுக்கு என்பதே இல்லாமல் போகிறது. பிரிக்க இரண்டு அடுக்கு வேண்டும். இருப்பது ஒன்றுதான் என்றால் பேக்கிங்கின் (இரண்டும் நன்றாக உரசக் கோபுரத்துக்குள் நிரப்பும் துண்டுகள்) உயரத்தைக் கூட்டியும் பலன் இல்லை.

விளைபொருளில் ஒரு பங்கை மேலே திருப்பி விடும் ரிஃப்ளக்ஸ் உங்களிடம் இல்லையென்றால், அதைச் சேர்த்தால் 75-இலிருந்து 85, 90 வரை ஏறும். ஏற்கெனவே இருந்து 90-ஐ ஒட்டி நிற்கிறதென்றால் அதோடு விட்டுவிடுங்கள். அழுத்தத்தை 80 பாருக்குக் கீழே இறக்கி, எத்தனாலும் கார்பன் டை ஆக்சைடும் முழுதாகக் கலக்காத பகுதிக்குள் போனால், காய்ச்சி வடிப்பதில் 95.6 சதவீதத்தில் குறுக்கே நிற்கும் கொதிநிலை மாறாக் கலவையையும் தாண்ட வழி இருக்கிறது. ஆனால் அங்கே கார்பன் டை ஆக்சைடின் அடர்த்தி லிட்டருக்கு 280 கிராமுக்கும் கீழே. ஏந்தும் ஆல்கஹால் அவ்வளவு சொற்பம் என்பதால் வாயுவைச் சுற்றவிடும் மின்கட்டணமே ஆளைச் சாய்த்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால், எரிபொருள் தரத்துக்கு நீரற்ற எத்தனால் வேண்டுமென்றால் இந்தக் கோபுரம் அதற்கான இடம் அல்ல. காய்ச்சி வடித்து, கடைசித் தண்ணீரை மூலக்கூறு சல்லடையில் எடுப்பதே மலிவு. சூடு படக்கூடாத சரக்குக்குத்தான் இந்த முறை சரிப்படும்: ஒயினிலிருந்து வாசனை கெடாமல் ஆல்கஹாலைக் குறைப்பது போன்ற வேலைகளுக்கு.

அடித் தண்ணீரில் ஆல்கஹால் குறையவே இல்லை

கரைப்பானைக் கூட்டியாயிற்று, கோபுரத்தின் உயரத்தையும் கூட்டியாயிற்று, ஆனாலும் அடியில் வெளியேறும் தண்ணீரில் 3 சதவீதம் அப்படியே நிற்கிறது. குற்றவாளி கோபுரம் அல்ல, செப்பரேட்டர்.

அடியில் நுழையும் கார்பன் டை ஆக்சைடு வெறுங்கையோடு வந்தால்தான் கடைசி ஆல்கஹாலை எடுக்க முடியும். சுற்றிவரும் வாயுவில் 0.3 சதவீத ஆல்கஹால் மிச்சமிருந்தால், பங்கீட்டு எண் 0.1 என்பதால், தண்ணீரை 3 சதவீதத்துக்குக் கீழே இறக்க எந்தக் கோபுரத்தாலும் முடியாது. கரைப்பானை இரண்டு மடங்காக்கினாலும் அதே 3-தான். ஒரு முறை சுற்றோட்டத்தை நிறுத்திவிட்டுப் புதுச் சிலிண்டரிலிருந்து நேராக ஓட்டிப் பாருங்கள். அடித் தண்ணீரில் ஆல்கஹால் சட்டென்று விழுந்தால் நோய் உறுதி.

செப்பரேட்டர் சூடாக இருந்தால்தான் வாயு நன்றாகப் பிரியும் என்று எண்ணி அதை 40 டிகிரியில் வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டில் ஆல்கஹாலின் ஆவியழுத்தமே அதிகம், வாயுவோடு தாராளமாகக் கிளம்பிவிடும். 20 டிகிரிக்கு இறக்குங்கள். இறக்கும்போது ஒரு பொறி உண்டு: 20 டிகிரியில் செப்பரேட்டரின் அழுத்தம் 57 பாரைத் தொட்டால் கார்பன் டை ஆக்சைடே திரவமாகி, ஆல்கஹாலைக் கரைத்துக்கொண்டு நிரம்பி வழியும். 45 பாரில் வைத்தால் பயமில்லை. இன்னும் சுத்தம் வேண்டுமென்றால் வாயுவைச் சிறிது தண்ணீரால் கழுவியோ கிளர்வுற்ற கரி வழியாகவோ அனுப்புங்கள்.

அழுத்தம் இறக்கும் வால்வு துப்புகிறது, அடைக்கிறது

40 டிகிரி, 100 பாரிலிருந்து 50 பாருக்கு இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடு தானாகவே சுமார் 14 டிகிரிக்குக் குளிர்ந்து, பாதி திரவமும் பாதி வாயுவுமாகத் தெறிக்கும். துப்பல் அதனால்தான். 40 பாருக்கு இறக்கினால் 5 டிகிரி. அங்கே ஹைட்ரேட்டும் எட்டிப்பார்க்கும், ஆல்கஹால் நிறைய இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போகும். நேராக வெளிக்காற்றுக்கு இறக்கினால் உலர் பனிதான், வால்வின் வாயில் வெள்ளைத் தூளாகக் கொட்டும்.

வால்வின் உடம்பைச் சூடாக்குவதைவிட, அதற்கு முன்னால் உள்ள குழாயைச் சூடாக்குவதுதான் பலன் தரும். வால்வுக்குப் பின்னும் ஒரு சிறு வெப்பப் பரிமாற்றி வேண்டும், திரவம் முழுதும் ஆவியாகி, அதன் பிறகே செப்பரேட்டருக்குள் நுழையும்படி. அழுத்தத்தை ஒரே தாவலாக இறக்காமல் இரண்டு வால்வில் பிரித்தால் துப்பல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

விளைபொருள் நுரைத்துச் சீறுகிறது, ஹைட்ரோமீட்டர் தப்பாகக் காட்டுகிறது

எத்தனாலில் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைவதைவிடப் பல மடங்கு கரையும். செப்பரேட்டரின் அடி வால்வைத் திறந்தால், குண்டை அமுக்கிய கோலி சோடாபோலப் பொங்கித் தெறித்து, நல்ல ஆல்கஹாலைச் சுவரில் பூசிவிடும். இடையில் ஒரு சிறு கலம் வைத்து, அதற்குள் முதலில் 5, 10 பாருக்கு இறக்கி ஆற விடுங்கள். அதிலிருந்து வெளியேறும் வாயுவைப் பனிக்கட்டியில் வைத்த குப்பி வழியாக விட்டால், கணக்கில் காணாமல் போன ஆல்கஹாலில் ஒரு பங்கு அங்கே சொட்டும்.

எடுத்த உடனே ஹைட்ரோமீட்டரைப் போட்டால் குமிழ்கள் அதன் உடம்பில் ஒட்டி மேலே தூக்கும். திரவம் கனமானது என்று அது நினைக்கும், ஆல்கஹாலைக் குறைத்துக் காட்டும். மூடியை லேசாகத் தளர்த்தி, குளிரில் வைத்து, குமிழ் நின்ற பிறகு 20 டிகிரிக்குக் கொண்டுவந்து அளங்கள். சூடாக்கியோ பலமாகக் குலுக்கியோ வாயுவை விரட்டினால் ஆல்கஹாலும் கூடவே போகும்.

நொதித்த சரக்கில் முதல் மாதிரி மட்டும் பழ வாசனை அடித்து, பின்னால் வெறும் ஸ்பிரிட் வாசனை வந்தால் பதற வேண்டாம். பழ வாசனை தரும் எஸ்டர்கள் எத்தனாலைவிட எளிதாகக் கார்பன் டை ஆக்சைடுக்குத் தாவும், அதனால் முந்திக்கொள்கின்றன. வாசனையைத் தனியாகச் சேர்க்க வேண்டுமென்றால் அந்த முதல் பங்கைப் பிரித்து வையுங்கள்.

கண்ணாடி சாளரம் மங்கிவிட்டது

இரண்டு காரணம் உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு.

விளக்கைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். ஊடுருவி வரும் ஒளி செம்பழுப்பாகவும், பக்கவாட்டில் பார்த்தால் நீலம் கலந்த வெண்மையாகவும் இருந்தால், கலவை அதன் மாறுநிலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெப்பநிலையை ஒன்றிரண்டு டிகிரி நகர்த்தினால் சட்டென்று தெளிந்துவிடும். பார்க்க அழகு, வேலைக்கு ஆகாது. இரண்டு அடுக்கும் ஒன்றாகப் போகிற இடம் அது.

வெறும் பால் வெள்ளையாக இருந்து, டிகிரியை மாற்றியும் தெளியவில்லை என்றால், நீர்த்துளிகள் மேலே அடித்துச் செல்லப்படுகின்றன. கோபுரம் திணறுகிறது. பேக்கிங்கின் இரு முனைக்கும் இடையே அழுத்த வேறுபாடு ஏறி ஊசலாடும், விளைபொருளில் திடீரென்று தண்ணீர் கூடும், அடி மட்டம் விழும். கரைப்பான் ஓட்டத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, தேங்கியது வடியும்வரை பொறுங்கள். இந்த நேரத்தில் அழுத்தத்தைக் கூட்டுகிறவர்கள் உண்டு, அது எரிகிற தீயில் எண்ணெய். 200 பாரில் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு 840 கிராம். தண்ணீரோடு அடர்த்தி வித்தியாசம் சுருங்கிவிடுவதால் துளிகள் கீழே இறங்க மனமில்லாமல் மிதக்கும்.

நொதித்த சரக்கென்றால் ஈஸ்டும் புரதமும் நுரையைத் தாங்கிப் பிடிக்கும், இரு அடுக்குக்கும் நடுவே அழுக்குப் படலம் கட்டும். மையவிலக்கியில் சுற்றி, நுண்வடிகட்டியில் தெளிய வைத்து உள்ளே விடுங்கள்.

ஓ-ரிங் கொப்பளித்திருக்கிறது, தண்ணீர் பழுப்பாக வருகிறது, வெள்ளைத் தூள் படிகிறது

ஓ-ரிங் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்): விட்டான் ரப்பர் அழுத்தமான கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி ஊதும், அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் உள்ளே மாட்டிய வாயு ரப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். கையில் எடுத்தால் மேலே அம்மைபோட்டதுபோல் கொப்புளம் தெரியும். கடினமான ஈபிடிஎம் ரப்பர் அல்லது டெஃப்லான் போடுங்கள். எதுவானாலும் அழுத்தத்தை நிமிடத்துக்குச் சில பார் என்று மெதுவாக இறக்குங்கள்.

பழுப்புத் தண்ணீர்: இந்த அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீரின் பிஎச் 3-க்குப் பக்கம். எங்கோ ஒரு மூலையில் சாதா எஃகு ஃபிட்டிங் ஒன்று ஒளிந்திருக்கிறது. காந்தத்தை வைத்துத் தேடுங்கள், பிடித்துக்கொள்வதைக் கழற்றி 316 துருப்பிடியா எஃகு போடுங்கள்.

வெள்ளைத் தூள்: யாரோ உப்புப் போட்டு ஆல்கஹாலைத் தண்ணீரிலிருந்து துரத்தப் பார்த்திருக்கிறார்கள். யோசனை நல்லதுதான், ஆனால் போட்டது பொட்டாசியம் கார்பனேட். திறந்த பாத்திரத்தில் அது அருமையாக வேலை செய்யும். இங்கே கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து பைகார்பனேட்டாக மாறி, அதன் கரைதிறன் கார்பனேட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், பேக்கிங் முழுக்கப் படிந்துவிடும். அழுத்தத்தை முழுதாக இறக்கிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரைச் சுற்றவிட்டால் கரைந்து வந்துவிடும், சுரண்ட வேண்டாம். சமையல் உப்பு இப்படிப் படியாது. ஆனால் குளோரைடும் அமிலமும் சேர்ந்தால் 316 எஃகிலேயே குழி விழும். ஓட்டம் முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி வடித்துவிடுங்கள், இரவு முழுக்க ஊற விடாதீர்கள்.